முள் ஏறியது, தண்ணீர் கொதிக்கவில்லை

பருத்தித்துறையிலிருந்து திரும்பி வரும்போது வல்லை வெளியில் கார் நின்றுவிட்டது. இரவு ஒன்பது மணி இருக்கும். வெப்பமானியின் முள் சூட்டைக் குறிக்கும் எச் எழுத்தைத் தொட்டுக்கொண்டு நின்றதால், என்ஜின் சூடேறித்தான் நின்றது என்று நினைத்து, பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தேன். அந்த வெளியில் வீடு இல்லை, ஒதுங்க ஒரு மரம் இல்லை, காற்று மட்டும்தான். பிறகு ரேடியேற்றர் மூடியைத் தடித்த துணியால் பிடித்து மெல்லத் திறந்தேன். தண்ணீர் கழுத்துவரை நின்றது. கொதித்து வழிந்த அடையாளமே இல்லை. திறப்பைத் திருப்பினால் என்ஜின் சுற்றியது, ஆனால் பற்றவில்லை. கடைசியில் அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு தம்பி நின்று, போத்தலில் வைத்திருந்த ஒரு லீற்றர் பெற்றோலைத் தந்தார். ஊற்றியதும் கார் ஓடத் தொடங்கியது. பெற்றோல் முள்ளோ இன்னும் கால் தாங்கி இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது.

ஒரே இரவில் இரண்டு முள்ளும் பிழையாகக் காட்டியிருக்கின்றன. அதை அன்றைக்கே சேர்த்து யோசித்திருந்தால் இரண்டு மாத வேலை ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும். நான் யோசித்தது வெப்ப முள்ளை மட்டும். பெற்றோல் தீர்ந்தது என் கவனக்குறைவு என்று விட்டுவிட்டேன்.

கார் அப்பா வைத்திருந்த 1978 மினி 1000. 998 சிசி என்ஜின். மீற்றர்கள் எல்லாம் டாஷ்போர்ட்டின் நடுவில் ஒரு முட்டை வடிவப் பலகையில் இருக்கின்றன. நடுவில் பெரிய வேகமானி, அதன் முகத்துக்குள்ளேயே பெற்றோல் முள், இரு பக்கமும் எண்ணெய் அழுத்தத்துக்கும் தண்ணீர் வெப்பத்துக்கும் சிறிய மீற்றர்கள். வெப்பமானியில் பாகைக் கணக்கு கிடையாது. குளிருக்கு சி (C), இயல்புக்கு என் (N), சூட்டுக்கு எச் (H) என்று மூன்று எழுத்துகள்தான். முள் என் எழுத்தில் நின்றால் நிம்மதி.

யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் பட்ட பாடு தனி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. கார்புரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் மினியும் அப்படி ஓடியதுதான். ரேடியேற்றருக்கு அன்று முதல் அண்மைக்காலம் வரை கிணற்றுத் தண்ணீர். குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் கேத்தில்களின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுதான் என்ஜினுக்குள்ளும் படிகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தண்ணீரின் சூட்டை மீற்றருக்குத் தெரிவிக்கும் உணரியைக் கழற்றியபோது இந்தக் கிணற்றுத் தண்ணீர் எனக்கு முன்னால் வந்து நின்றது.

முதலில் செய்த பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். வல்லை வெளிக்கு அடுத்த நாளே, தண்ணீர் சூடானதும் திறந்து அதை ரேடியேற்றருக்கு விடும் தேர்மோஸ்ரற்றை மாற்றினேன், 82 பாகையில் திறக்கும் புதியது. பழையதை வெந்நீரில் போட்டுச் சோதிக்காமலே எறிந்துவிட்டேன். அதனால் அது நல்லதா கெட்டதா என்பது எனக்கு இனித் தெரியவராது. இரண்டாவதாகக் கொழும்பிலிருந்து ஒரு புதிய உணரியை வரவழைத்தேன். சிலிண்டர் ஹெட்டில், தேர்மோஸ்ரற் மூடிக்குக் கீழே திருகியிருக்கும் சிறிய பித்தளைத் துண்டு அது. கடைக்காரர்கள் சென்டிங் யூனிற் என்பார்கள். தண்ணீர் ஒழுகக் கூடாது என்று அதன் மரையில் குழாய் வேலைக்காரர் சுற்றும் வெள்ளை ரேப்பை நான்கைந்து சுற்றுச் சுற்றி இறுக்கினேன். அதற்குப் பிறகு ஒரு புதுப் பிரச்சினை தொடங்கியது. பகலில் முள் என் எழுத்துக்குக் கீழே நின்றது. மேடு பள்ளமான ஒழுங்கைகளில் போனால் மெல்ல மெல்ல சி பக்கம் இறங்கும், பிறகு ஏறும். இரவிலோ பழையபடி எச் பக்கம் போய் நிற்கும்.

மீற்றரையே மாற்றிவிடலாம் என்று விலை கேட்கும் அளவுக்குப் போய்விட்டேன். அப்போதுதான், உண்மையில் தண்ணீர் எத்தனை பாகை என்று இதுவரை ஒரு தடவைகூட அளக்கவில்லையே என்று தோன்றியது. கையில் பிடித்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கினேன். தேர்மோஸ்ரற் மூடியில் பிடித்தால் 60 சொச்சம் காட்டியது. அது பளபளப்பான அலுமினியம். பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி குறைத்துத்தான் காட்டும். மூடியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு மங்கலான கறுப்புப் பெயின்ற் பூசிக் காயவிட்டு மறுபடி அளந்தேன். 84. இரவில் விளக்குப் போட்டு, முள் எச் பக்கம் நிற்கும்போது அளந்தேன். 85. என்ஜின் அச்சொட்டாக இருக்கிறது, முள்தான் பிழை. இந்த ஒரு அளவு கையில் வந்த பிறகுதான் எனக்குப் பயம் விட்டது. முள் ஏறினால் எதையும் கழற்ற முன்பு இந்தக் கறுப்புப் புள்ளியை வையுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் முன்பு கராஜ் வைத்திருந்த ஐயா ஒருவர் இருக்கிறார். ஓய்வெடுத்துப் பல வருடம். அவரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, அந்த நேரம் பெற்றோல் முள்ளு என்ன செய்யுதெண்டு பாத்தனீரே?"

பார்க்கவில்லை. அன்றிரவே கொட்டிலில் காரை ஓடவிட்டுப் பார்த்தேன். விளக்கு இல்லாமல் பெற்றோல் முள் அரைத் தாங்கிக்குச் சற்று மேலே. விளக்கைப் போட்டேன். ஒரு நிமிடத்துக்குள் முக்கால் தாங்கியைத் தாண்டியது. வெப்ப முள்ளும் அதோடு கூடவே ஏறியது. விளக்கை அணைத்தேன். இரண்டும் சேர்ந்து இறங்கின. நின்றுகொண்டிருக்கும் காரில் பெற்றோலின் அளவு கூடப்போவதில்லை. அப்படியென்றால் பிழை இரண்டு மீற்றருக்கும் பொதுவான ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பொதுவான இடம் எது என்பதற்கு இந்த மீற்றர்கள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்மித்ஸ் மீற்றர்கள் இவை. உள்ளே ஈருலோகப் பட்டை ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள். மின்னோட்டம் போனால் சுருள் சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். ஆகவே முள் ஒருபோதும் துள்ளாது, ஊர்ந்துதான் போகும். ஊர்ந்து முடிய அரை நிமிடம்கூட எடுக்கும். ஆனால் காரின் மின்னழுத்தம் நிலையாக நிற்பதில்லை. என்ஜின் நிற்கும்போது 12 வோல்ற் சொச்சம், ஓடும்போது 14. அந்த ஏற்ற இறக்கம் முள்ளில் தெரியாமலிருக்க, வேகமானியின் முதுகில் ஸ்ரபிலைசர் என்ற சின்னத் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள்ளும் ஈருலோகப் பட்டைதான். சூடானால் தொடர்பு அறும், ஆறினால் மறுபடி தொடும். இப்படி விட்டுவிட்டுக் கொடுத்துச் சராசரியாக 10 வோல்ற்றை இரண்டு மீற்றருக்கும் அனுப்புகிறது. டிஜிற்றல் மல்ரிமீற்றரை வைத்தால் எண்கள் தாறுமாறாக ஓடும். பழைய முள் மீற்றர் அல்லது ஒரு சிறிய சோதனை விளக்கு நல்லது. விளக்கு மினுங்கி மினுங்கி எரிந்தால் பெட்டி உயிரோடு இருக்கிறது.

இந்தப் பெட்டிக்குள் இருக்கும் சூடாக்கும் சுருளின் மறுமுனை பெட்டியின் தகரத்தோடு, அதாவது மின்னோட்டம் பாடித் தகரம் வழியாகப் பற்றறிக்குத் திரும்பும் வழியான ஏர்த்தோடு சேர்ந்திருக்கிறது. ஏர்த் இல்லாவிட்டால் சுருள் சூடாகாது, தொடர்பு அறாது, பற்றறியின் முழு அழுத்தமும் அப்படியே மீற்றருக்குப் போய்விடும். ஏர்த் இருந்தும் பலவீனமாக இருந்தால் அதைவிட ஏமாற்றும். பெட்டி தன் ஏர்த்திலிருந்துதான் 10 வோல்ற்றை எண்ணிக் கொடுக்கிறது. அந்த ஏர்த்தே 3 வோல்ற் உயரத்தில் நின்றால் வெளியே போவது 13. என் காரில் நடந்தது இதுதான் என்று சந்தேகித்தேன். மீற்றர்ப் பலகையின் சிறு விளக்குகளும் அதே ஏர்த் வழியாகத்தானே திரும்புகின்றன. விளக்குப் போட்டால் அவற்றின் மின்னோட்டமும் அந்தப் பழுதான வழியில் நெருக்கியடித்துக்கொண்டு போகும். மீற்றர் விளக்குகள் எப்போதும் மங்கல் மஞ்சளாக எரிந்தது எனக்குத் தெரியும். பழைய பல்ப் என்று நினைத்து வருடக்கணக்காக விட்டிருந்தேன்.

பற்றறியின் தொடர்பைக் கழற்றிவிட்டுப் பலகையை முன்னால் இழுத்தேன். மினியில் பற்றறி பின்னால், பூற்றுக்குள் இருக்கிறது. எண்ணெய் அழுத்த மீற்றருக்குப் பின்னால் உண்மையான எண்ணெய்க் குழாய் வருகிறது, மின் வயர் அல்ல. அவசரப்பட்டு இழுத்தால் கம்பளமெல்லாம் எண்ணெய். வேகமானிக் கேபிளையும் விலக்கிய பிறகு பின்பக்கம் தெரிந்தது. பற்றறியை மறுபடி இணைத்து, மல்ரிமீற்றரின் ஒரு முனையை வேகமானியின் தகரத்திலும் மறுமுனையைச் சுரண்டி வெளிச்சமாக்கிய பாடித் தகரத்திலும் வைத்தேன். அங்கே சுழியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். விளக்கு இல்லாமல் 0.4 வோல்ற். விளக்குப் போட்டதும் 3.1.

பிறகு ஒரு துண்டு வயரை எடுத்து அந்த இரண்டு இடங்களையும் நேரடியாகத் தொடுத்தேன். மீற்றர் விளக்குகள் வெள்ளையாகப் பளிச்சிட்டன. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வெப்ப முள் எச்சிலிருந்து ஊர்ந்து இறங்கியது. பெற்றோல் முள்ளும் இறங்கி அரைக்குக் கிட்டப் போய் நின்றது. அந்த ஒரு நிமிடம் கொட்டிலில் நான் தனியாக நின்று பார்த்தது. இந்தக் காரில் நான் செய்த எந்தப் பெரிய வேலையும் அப்படி ஒரு மகிழ்ச்சியைத் தரவில்லை.

காரணம், கறுப்பு ஏர்த் வயரின் நுனியில் இருந்த வளையம். திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. வளையத்துக்குள் வயர் பச்சை பூத்து, இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியை வெட்டி, புதிய வளையம் வைத்து நெரித்து, ஈயமும் ஒற்றினேன். ஸ்ரபிலைசரின் தகரம் வேகமானியின் தகரத்தைத் தொடும் இடத்தையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். எல்லோரும் சொன்னபடி ஸ்ரபிலைசருக்குப் பதிலாகப் போடுவதற்காக, நிலையாக 10 வோல்ற் தரும் 7810 என்ற மூன்று கால் ஐசி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். அது இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. இதைப்போலப் பற்றறியின் நெகற்றிவ் முனை பாடியோடு சேர்ந்த காருக்கு அது நல்ல மாற்றுத்தான், ஆனால் அதற்கும் அதே ஏர்த்தான் வேண்டும். அன்றைக்கு அதைப் போட்டிருந்தாலும் முள் அப்படியே ஏறியிருக்கும்.

இரவுப் பிழை தீர்ந்தது. பகல் பிழை அப்படியே இருந்தது.

பகலில் பெற்றோல் முள் அசையாமல் நிற்க, வெப்ப முள் மட்டும் இறங்கி ஏறியது. ஆகவே இனித் தேட வேண்டியது வெப்பமானியின் சொந்த வழியில்: மீற்றரிலிருந்து பச்சையில் நீலக் கோடு போட்ட வயர், அது போய்ச் சேரும் உணரி, உணரியிலிருந்து என்ஜின் இரும்பு, என்ஜினிலிருந்து பாடி. உணரியில் ஒரே ஒரு வயர்தான் உண்டு. மின்னோட்டம் திரும்பிப் போவது அதன் மரை வழியாக, இரும்புக்குள். அந்த மரையில் நான்தான் வெள்ளை ரேப் சுற்றியிருந்தேன். உணரியின் பித்தளை உடம்புக்கும் ஹெட்டுக்கும் இடையில் ஓம் அளந்தேன். சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் 20, 45, ஸ்பனரால் மெல்லத் தட்டினால் 8. குலுங்கும் பாதையில் முள் இறங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தடை கூடினால் மீற்றருக்கு அது குளிர்ந்த தண்ணீர்.

உணரியைக் கழற்றியபோது பழையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதன் குமிழில் கேத்தில் அடி போலச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. வினாகிரியில் ஒரு இரவு ஊறவிட்டதும் உதிர்ந்தது. அடுப்பில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, இரண்டு உணரிகளையும் கம்பியில் தொங்கவிட்டு, பக்கத்தில் கண்ணாடி வெப்பமானியும் வைத்து அளந்தேன். பழையது 30 பாகையில் 380 ஓம், 60 பாகையில் 130, 85 பாகையில் 60 ஓம். சூடு கூடக் கூடத் தடை குறைய வேண்டும், அது சீராகக் குறைந்தது. புதியதும் குறைந்தது, ஆனால் 85 பாகையில் 95 ஓமில் நின்றது. வேறு மீற்றருக்காகச் செய்த உணரி அது. மரை ஒன்றாக இருப்பதால் இதிலும் ஏறிவிடுகிறது. பகலில் முள் எப்போதும் என் எழுத்துக்குக் கீழே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். சுண்ணாம்பு நீங்கிய பழைய உணரியை, மரையைத் துடைத்து, ரேப் இல்லாமல் திருகினேன். ஒழுகவில்லை.

கடைசியாக என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான வழி. மினியின் என்ஜின் றப்பர் தாங்கிகளில் இருக்கிறது, றப்பர் மின்னைக் கடத்தாது. பற்றறியின் நெகற்றிவ் பூற்றுக்குள் பாடியோடு இணைந்திருக்கிறது. ஆகவே ஸ்ரார்ட்டரின் மின்னோட்டம் முழுவதும், ஒல்ரனேற்றரின் மின்னோட்டம் முழுவதும், உணரியினுடையதும் சேர்ந்து, கிளச் பக்கத்திலிருந்து பாடிக்குப் போகும் ஒரே ஒரு செப்புப் பின்னல் வழியாகத்தான் போய்வர வேண்டும். என்ஜின் இரும்பில் ஒரு முனை, பாடியில் ஒரு முனை வைத்து அளந்தேன். ஓடும்போது 0.2 வோல்ற், பெரிய விளக்குப் போட்டால் 0.6, ஸ்ரார்ட் பண்ணும்போது 2.7. முள்ளை 0.6 பெரிதாக ஆட்டாது, ஒரு முள் அகலம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் 2.7 என்பது என்னைத் திடுக்கிட வைத்தது. பின்னல் போதாதபோது ஸ்ரார்ட்டரின் மின்னோட்டம் வேறு இரும்பைத் தேடும், சோக் கேபிளும் அக்சிலரேற்றர் கேபிளும்தான் அகப்படும். நான்கைந்து தடவை தொடர்ந்து ஸ்ரார்ட் பண்ணிவிட்டுச் சோக் கேபிளைத் தொட்டேன். கைக்குச் சூடு தெரிந்தது. இப்படிக் கேபிள் உருகி இறுகிப்போன கார்கள் உண்டு, தீப்பிடிக்கவும் கூடும். முள்ளைத் தேடிப் போகாவிட்டால் இதை நான் கண்டிருக்கமாட்டேன்.

பின்னலில் பாதி இழைகள் கடற்காற்றில் தின்னப்பட்டுப் பொடியாக உதிர்ந்தன. மீதி இருந்ததையும், முன்பு பெயின்ற் அடித்தபோது பாடிப் பக்கத்தில் பெயின்ற்றுக்கு மேலேயே முடுக்கிவிட்டிருந்தார்கள். அந்த இடத்தை வெள்ளித் தகரம் தெரியும்வரை சுரண்டி, வெல்டிங் கேபிளில் ஒரு துண்டு எடுத்து, இரண்டு முனையிலும் செப்பு லக் நெரித்து, நட்டு இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசினேன். என்ஜின் ஆடும், அதனால் கேபிளில் கொஞ்சம் தொய்வு விட வேண்டும். மறுபடி அளந்தேன். ஸ்ரார்ட் பண்ணும்போது 0.2. ஸ்ரார்ட்டர் சுற்றும் சத்தமே மாறிவிட்டது.

இவ்வளவும் செய்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரையே திரும்ப ஊற்ற மனம் வரவில்லை. கீழ் ஹோஸைக் கழற்றி வெறுமையாக்கினேன். செங்கல் நிறத்தில் சேறாக வந்தது. சிற்றிக் அமிலம் கலந்த தண்ணீரில் ஒரு நாள் ஓடவிட்டு, மூன்று தடவை அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்ற் ஊற்றினேன். மூன்றரை லீற்றர் பிடித்தது. எங்கள் ஊரில் தண்ணீர் உறையாது, கூலன்ற் எதற்கு என்று கேட்பார்கள். துருவும் சுண்ணாம்பும் பிடிக்காமலிருக்கத்தான்.

ஐயாவிடம் போய் மூன்று இடத்தையும் சொன்னேன். பழைய பின்னலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் திரும்பி வாற வழியிலதான் இருந்திருக்கு, என்ன?" என்றார்.

போன கிழமை மறுபடி பருத்தித்துறைக்குப் போய், வேண்டுமென்றே இருட்டிய பிறகு திரும்பினேன். வல்லை வெளியில், முன்பு கார் நின்ற இடத்துக்குக் கிட்ட நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, பெரிய விளக்கையும் வைப்பரையும் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் பார்த்தேன். வெப்ப முள் என் எழுத்தில். பெற்றோல் முள் கால் தாங்கிக்குச் சற்றுக் கீழே. வீட்டுக்கு வரும் வழியில் நிரப்பினேன், கணக்குச் சரியாக இருந்தது.